அந்த அறுபது நாளை எந்த மாதத்தில் வைக்கப் போகிறீர்கள்?

தமிழ்நாடு ஊரக வளர்ச்சித் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம். நூறு நாள் வேலையை வருடத்துக்கு அறுபது நாள் நிறுத்தி வைக்க வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறதே, அந்த நாட்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பேர்தானே தவிர, சிட்டா எடுப்பது, சாதிச் சான்றிதழுக்கு எழுதிப் போடுவது, பயிர்க் காப்பீடு கட்டுவது எல்லாம் அதற்குள்தான். கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற மிஷினும் இருக்கிறது. பஸ் ஏறி பேங்குக்குப் போக முடியாதவர்கள் இங்கே வந்து விரலை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால் எங்கள் ஊரில் யார் கணக்கில் எப்போது பணம் ஏறுகிறது, எந்த மாதம் வெறும் அறுபது ரூபாய் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். "பாப்பா, ஏரி வேலைக் காசு ஏறிடுச்சா பாரு" என்று ஒரு நாளைக்குப் பத்து பேராவது கேட்பார்கள். நூறு நாள் வேலையை எங்கள் பக்கம் ஏரி வேலை என்றுதான் சொல்வோம்.

பொங்கல் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது அப்படிக் கேட்க ஆள் இல்லை. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டாத வீட்டில் திண்ணையில் ஒரு கிழவி, பக்கத்தில் பேரப்பிள்ளை ஒன்று, முளைக்குச்சியில் இரண்டு ஆடு. கரும்பு வெட்டப் போகிறவர்கள் கார்த்திகைத் தீபம் முடிந்த கையோடு மூட்டையைக் கட்டிவிட்டார்கள், ஆலையில் அரவை முடிந்தால்தான் வருவார்கள். செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் காணும் பொங்கல் முடிந்து மறுநாள் விடியற்காலையே லாரி ஏறினார்கள். அவர்கள் திரும்ப ஆனி மாதம் ஆகும்.

இது ஏதோ எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை, உங்களுக்கே தெரியும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மூன்று மாவட்டத்திலும் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கிற ஊர்களில் தை பிறந்தால் இதே காட்சிதான்.

சரி, எதற்கு எழுதுகிறேன் என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய வேலை உறுதிச் சட்டத்தில் நூறு நாள் என்பது நூற்று இருபத்தைந்து நாள் ஆகியிருக்கிறது. கூடவே இன்னொன்றும் வந்திருக்கிறது. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கிற காலத்தில் வருடத்துக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்க வேண்டும், அது எந்த நாட்கள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், மாவட்டத்துக்கு மாவட்டம், ஒன்றியத்துக்கு ஒன்றியம், ஊராட்சிக்கு ஊராட்சிகூட அந்தத் தேதிகள் வேறுபடலாம். அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் கட்டினால் கடைசியில் யார் வேலை குறையும் என்பது எங்களுக்குத் தெரியாதா? அது வேறு சண்டை, அதைப் போட வேண்டியவர்கள் போடட்டும். என்னுடைய கேள்வி உங்கள் மேசையில் இருக்கிற அந்தத் தேதிகளைப் பற்றியது. எங்கள் ஒன்றியத்துக்கு அந்த அறுபது நாளை எந்த மாதத்தில் வைக்கப் போகிறீர்கள்?

தயவுசெய்து புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வைத்துவிடாதீர்கள். அந்த நாலு மாதத்தில்தான் முன்பணம் கொடுத்துச் சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி வருகிறார்.

ஏன் அந்த நாலு மாதம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கோப்பில் இது வராது. எங்கள் பக்கம் மழையை நம்பிய கொல்லை நிலம்தான் அதிகம், கிணற்றுப் பாய்ச்சல் உள்ள கழனி கொஞ்சம். கொல்லையில் ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவோம். விதை வாங்க, ஏர் ஓட்ட, களை எடுக்க என்று ஆடியிலும் ஆவணியிலும் கையில் இருந்தது எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். கம்மலும் கூட்டுறவு பேங்குக்குப் போய்விடும். காய் பிடுங்கிக் காசு பார்க்க ஐப்பசி, கார்த்திகை ஆகும், அதுவும் மழை சரியான நாளில் பெய்திருந்தால். பூ விடும்போது இருபது நாள் காய்ந்தால் போச்சு, செடி மட்டும் பச்சையாக நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் வேரில் ரெண்டு காய் தொங்கும். இதற்கு நடுவில்தான் தீபாவளி வருகிறது. பிள்ளைக்குத் துணி, தலை தீபாவளிக்கு வந்த பெண்ணுக்குச் சீர், மழைக்கு முன்னால் கூரையில் ஓலை மாற்றுவது, வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து நிற்கிற குழுக் கடன் தவணை, யாருக்காவது காய்ச்சல். புரட்டாசியில் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு அவசரமாகத் தேவைப்படுவது எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய். அதற்கு மேல் இல்லை. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, என் கடையில் நின்று பேலன்ஸ் பார்த்துவிட்டு "இன்னும் ஏறலையா" என்று முகம் வாடிப் போகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அந்த வாரத்தில் மேஸ்திரி வண்டியை நிறுத்துவார். அவரும் வெளியாள் இல்லை, பக்கத்து ஊர்க்காரர், ஒரு காலத்தில் அவரே மண் மிதித்தவர். மாமா, மச்சான் என்று முறை சொல்லித்தான் பேசுவார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டை எடுத்து வைப்பார். பத்தாயிரம் போதும் என்றால் தர மாட்டார். "பத்தாயிரத்துக்கு ஓனர் ஒத்துக்க மாட்டாரு மாமா, ஜோடிக்கு நாப்பது, வேணும்னா வாங்கிக்க" என்பார். ஜோடி என்றால் புருஷனும் பெண்டாட்டியும். மாடு கணக்குப் போல அதுவும் ஒரு கணக்கு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆம்பிளை பேரை மட்டும் எழுதி, தொகையை எழுதி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்கிக்கொள்வார். அந்த அம்மா பேர் எங்கேயும் இருக்காது. பணம் எண்ணும்போது அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தாயிரம் தேவைக்குப் போகும். மீதி முப்பதாயிரம் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், கடன்காரனுக்கு எல்லாம் மேஸ்திரி வந்துவிட்டுப் போன சேதி அன்று ராத்திரியே தெரிந்துவிடும்.

அந்த ராத்திரியோடு ஆறு மாதம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தையில் லாரி வரும்போது போகிறேன், போகவில்லை என்று சொல்ல முடியாது. எந்த ஊர் சூளை, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, தங்க எப்படிப்பட்ட இடம் என்று எதையும் கேட்க முடியாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அந்த லாரியில் போனவள். நாலாவது படிக்கும்போது முதல்முறை போனேன். சென்னைக்கு மேற்கே ஒரு சூளை. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் அப்பா எழுந்துவிடுவார், வெயில் ஏறுவதற்குள் கல் அறுத்து முடிக்க வேண்டும். முந்தின நாளே தண்ணீர் விட்டு ஊறப்போட்ட மண்ணை அப்பா காலால் மிதித்துக் குழைப்பார். அம்மா அந்த மண்ணை உருண்டையாக எடுத்து, மணலில் புரட்டி, அச்சுக்குள் ஓங்கி அடித்து, மேலே வழித்துவிட்டு, கவிழ்ப்பாள். குந்தின நிலையிலேயே நகர்ந்து நகர்ந்து போவாள். ஒரு கல், அடுத்த கல், அடுத்த கல். ஒரு அரிக்கேன் விளக்கு, அவளோடு சேர்ந்து அதுவும் நகரும். விடியும்போது பார்த்தால் களம் முழுக்க வரிசை வரிசையாகப் பச்சைக்கல் இருக்கும், அம்மா அந்தக் கோடியில் சின்னதாகத் தெரிவாள்.

என் வேலை கல்லைத் திருப்பிப் போடுவது. ஒருபக்கம் காய்ந்த கல்லை விளிம்பு உடையாமல் புரட்டி நிற்க வைக்க வேண்டும். பெரியவர்கள் அந்த வரிசைக்குள் நடந்தால் கல் மிதிபடும், பிள்ளைகளின் கால் சின்னது, அதனால் பிள்ளைகளுக்கு அந்த வேலை. எனக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, நான் வேலை செய்ததாக யாரும் எங்கேயும் எழுதவும் இல்லை. ஆனால் நான் திருப்பாவிட்டால் அப்பாவுக்கு அன்றைக்கு ஐந்நூறு கல் குறையும். பள்ளிக்கூடத்தில் என் பேர் பதிவேட்டில் இருந்தது. ஆனியில் திரும்பி வந்தபோது முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து, லீவும் முடிந்து, எல்லோரும் ஐந்தாவதில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பின்னம் என்றால் என்னவென்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது, அது நான் இல்லாத மாதத்தில் நடத்திய பாடம்.

இரண்டாம் வருடம் மாசி மாதத்தில் ஒரு ராத்திரி எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போதவில்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஓடி ஓடி மூடினோம். விடிந்தபோது களத்தில் கல் இருந்த இடமெல்லாம் வெல்லப்பாகு மாதிரி வழிந்து கிடந்தது. அறுத்த கல் சூளைக்குள் ஏறினால்தான் கணக்கு, கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. வாரா வாரம் அரிசிக்கும் மிளகாய்க்கும் கொடுத்த செலவுக் காசும் கணக்கில் ஏறிவிடும். ஆனியில் கணக்குப் பார்த்தபோது ஓனர் நோட்டைத் திருப்பிக் காட்டினார், எங்கள் பேரில் மீதி நின்றது. ஆறு மாதம் மூன்று பேர் வேலை செய்து கடனோடு திரும்பினோம். அடுத்த வருடம் எங்கே போவது என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை, அந்த மீதி முடிவு செய்தது. அம்மா அன்றைக்கு பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் பிடித்து வைத்து வேலை வாங்கினால் அந்தக் கடனே செல்லாது என்று அதில் இருக்கிறது. கோட்டாட்சியர் போய் மீட்டு, விடுதலைச் சான்றிதழ் கொடுத்து, மறுவாழ்வுக்குப் பணமும் கொடுக்க வேண்டும். நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, இருளர் குடும்பங்கள் பலவற்றை அப்படி மீட்டிருக்கிறார்கள். ஆனால் யாராவது தகவல் கொடுத்து, அதிகாரி கிளம்பிப் போய்ச் சேர்ந்தால்தான் அது நடக்கும். மீட்ட பிறகும் 2016-ல் வந்த மத்தியத் திட்டப்படி உடனடி உதவி ஒரு பங்கு கிடைக்கும், முழுத் தொகை வழக்கில் தண்டனை வந்தால்தான். 1979-ல் வந்து 2025 நவம்பர் வரை இருந்த புலம்பெயர் தொழிலாளர் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்குத்தான். செங்கத்தில் இருந்து திருவள்ளூருக்குப் போன குடும்பம் அந்தச் சட்டத்தின் கண்ணில் எங்கும் போகவே இல்லை. இவ்வளவு சட்டமும் வேலை செய்ய ஆரம்பிப்பது லாரி போன பிறகு. லாரி வருவதற்கு மூன்று மாதம் முன்னால் வேலை செய்யக்கூடியது நீங்கள் நடத்துகிற அந்த ஒரு திட்டம்தான். அதனால்தான் தொழிலாளர் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். வெட்டின மண்ணின் அளவு பார்த்துக் குறைத்துவிடுவதால் முழு 336 ஏறுவது அபூர்வம், அதையும் நான்தான் பார்க்கிறேன், ஆனாலும் அதையே வைத்துக்கொள்வோம். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு குடும்பத்துக்கு முப்பது நாள் வேலை கிடைத்து, காசும் அதே மாதத்தில் ஏறினால் 10,080 ரூபாய். மேஸ்திரியின் நாற்பதாயிரத்தோடு இது போட்டி போட முடியாது என்று தோன்றும். போட்டி போடத் தேவையில்லை. அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது பத்தாயிரம்தான் என்று மேலே சொன்னேனே. அது கையில் இருந்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மேஸ்திரியிடம் "தைக்கு மேல பாத்துக்கலாம் மாப்பிள" என்று சொல்ல முடியும்.

வெளியூர் வேலைக்கே யாரும் போகக் கூடாது என்று நான் கேட்கவில்லை. தை முதல் வைகாசி வரை எங்கள் கொல்லையில் வேலை கிடையாது, போகத்தான் செய்வார்கள், போகட்டும். ஆனால் முன்பணம் வாங்காமல் போகிறவருக்கும் வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் நடக்கிற கதை வேறு. எங்கள் தெருவிலேயே ஒரு தம்பதி, மகன் டிரைவர் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, முன்பணம் வாங்குவதை விட்டுவிட்டார்கள். அதே சூளைக்குத்தான் போகிறார்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலியை முழுதாக எண்ணி வாங்குகிறார்கள். போன வருடம் சித்திரையில் அந்த அக்காவின் அம்மா இறந்தபோது அன்றைக்கே பஸ் ஏறி வந்தார்கள், காரியம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் போனார்கள். அதே மாதம் இன்னொரு வீட்டில் சாவு. அவர்கள் முன்பணம் வாங்கியவர்கள். பெரிய பையனைச் சூளையில் விட்டுவிட்டு வந்தால்தான் அனுப்புவேன் என்றார் அந்த ஓனர். பன்னிரண்டு வயசுப் பையன். விட்டுவிட்டுத்தான் வந்தார்கள், எட்டாம் நாளே திரும்பிப் போனார்கள். அடகு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, ஆனால் அது என்ன என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம், காசு ஏறுகிற மாதம். 2024 நவம்பருக்குப் பிறகு வேலை செய்த கூலி மாதக்கணக்கில் வரவே இல்லை. 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்கே கடிதம் எழுதினார், மார்ச்சில் பாக்கி நாலாயிரம் கோடி ரூபாய் என்று பேசினார்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் அது கோடிக் கணக்கு. என் கடையில் அது வேறு மாதிரி தெரிந்தது. ஏரி வேலை செய்த பெண்கள் ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று வந்து வந்து கேட்டார்கள். நான் மிஷினைப் பார்த்து "இன்னும் இல்லக்கா" என்று சொன்னேன். நாலாவது வாரம் அவர்களில் சிலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகு தெரிந்தது, முன்பணம் வாங்கிவிட்டார்கள், இனி அந்தக் காசுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கூலி 15 நாளுக்குள் வர வேண்டும் என்பது நூறு நாள் வேலையைக் கொண்டு வந்த 2005 சட்டத்தில் இருந்தே இருக்கிற விதி. அந்த 15 நாளும் வருடம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. வைகாசியில் ஒரு மாதம் தாமதமானால் வட்டிக்கு ஐந்நூறு வாங்கிச் சமாளிப்பார்கள். ஐப்பசியில் ஒரு மாதம் தாமதமானால் ஆறு மாதம் போய்விடும்.

மழைக்காலத்தில் ஏரியில் தண்ணீர் நிற்கும், என்ன வேலை கொடுப்பது என்று உங்கள் ஒன்றிய அலுவலகங்களில் சொல்வார்கள். நியாயமான கேள்விதான், நிரம்பின ஏரியில் யாரும் மண் வெட்ட முடியாது. ஆனால் புரட்டாசியில் எங்கள் ஏரி நிரம்புவதில்லை, பல வருடம் கார்த்திகையில்கூட நிரம்பவில்லை. கொல்லைகளுக்கு வரப்பு உயர்த்துவது, மழைநீர் நிற்கக் குழி எடுப்பது, கன்று நடுவது, நாற்றங்கால் போடுவது, சிறு விவசாயியின் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டுவது, மாட்டுக் கொட்டகை கட்டுவது எல்லாம் இதே திட்டத்தில் செய்து வந்த வேலைகள்தான். சொல்லப் போனால் வரப்பும் குழியும் மழைக்கு முன்னால் செய்தால்தான் பிரயோஜனம். சித்திரை வெயிலில் கட்டாந்தரையைக் கொத்தச் சொல்வதைவிட ஆவணி, புரட்டாசியில் ஈர மண்ணை வெட்டுவது வயசானவர்களுக்கும் சுலபம், அளவும் முழுதாக வரும். இதை எனக்குச் சொன்னது எங்கள் ஊர்ப் பணித்தளப் பொறுப்பாளர்.

விவசாயிகள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். ஆள் கிடைப்பதில்லை, காய் பிடுங்கும்போதும் நடவின்போதும் ஏரி வேலையை மூடுங்கள் என்பார்கள். என் சித்தப்பாவே சொல்வார், அவருக்கு மூன்று ஏக்கர் கழனி. அவரிடம் நான் கேட்டது இதுதான்: "தையில நெல் அறுக்க ஆள் இல்லன்னு மிஷினுக்கு அலையிறியே, அந்த ஆளுங்க எங்க போனாங்க?" முன்பணம் வாங்கி லாரி ஏறிவிட்டார்கள். புரட்டாசியில் இரண்டு வாரம் ஏரி வேலைக்குப் போகிற ஆளைப் பிடித்து நிறுத்தப் பார்த்து, ஆறு மாதத்துக்கு அந்த ஆளையே ஊர் இழக்கிறது. எங்கள் பக்கம் ஏரி வேலை காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்கு மேல் முடிந்துவிடும், காய் பிடுங்குகிற நாட்களில் பெண்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவதும் எப்போதும் நடப்பதுதான். கட்டாயமாக மூட வேண்டிய அறுபது நாளில் ஒரு பாதியை ஆடி விதைப்புக்கு வையுங்கள், அப்போது உண்மையிலேயே ஊரில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. இன்னொரு பாதியைத் தை, மாசியில் நெல் அறுப்புக்கு வையுங்கள். டெல்டாவுக்கு இது பொருந்தாது, அங்கே குறுவையும் சம்பாவும் வேறு கணக்கு. அதனால்தான் ஒன்றியம் வாரியாக என்று கெஞ்சிக் கேட்கிறேன். மாநிலம் முழுக்க ஒரே தேதி போட்டுவிடுவது உங்களுக்கு ஒரு நாள் வேலை, எங்களுக்கு ஒரு தலைமுறை.

மலை மேல் இருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில் சாமையும் தினையும் போடுகிற மலையாளி என்கிற பழங்குடி சனங்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்களே, அதில் பெரும்பாலோர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டமும் தருமபுரி மாவட்டமும். செம்மரம் வெட்ட என்று தெரிந்து போனவர்களும் உண்டு, கட்டட வேலை என்று நம்பிப் போனவர்களும் உண்டு. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவதற்கு வருகிறவர் ஒரே மாதிரி ஆள்தான், கையில் கொஞ்சம் பணமும் ஒரு வாக்குறுதியும் வைத்திருக்கிற ஆள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் இருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலையில் சாப்பாடு போடுகிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல். மத்தியானம் சத்துணவு, முட்டை. நாள் முழுக்க ஒரு பிள்ளைக்கு இரண்டு வேளை நிம்மதி. தையில் லாரி ஏறும்போது அந்தப் பிள்ளை அந்த இரண்டு வேளையையும் விட்டுவிட்டுத்தான் ஏறுகிறது, அங்கே அதற்குக் காலையில் கிடைப்பது ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றியது. ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா பக்கத்தில் சூளைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஊரிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளப் பருவகால விடுதி நடத்தியிருக்கிறார்கள். அந்த மாநிலத்தை விடப் பள்ளிக்கூடத்தில் நாம் எவ்வளவோ முன்னால் இருக்கிறோம், நம்மால் ஒரு ஒன்றியத்துக்கு ஒரு விடுதி நடத்த முடியாதா? இது கல்வித் துறை வேலை என்று என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள். கட்டடம் கட்டுவது, சமைக்கச் சுய உதவிக் குழுவை அமர்த்துவது எல்லாம் உங்கள் துறை வழியாகத்தான் எங்கள் ஊரில் நடக்கிறது. காலைச் சாப்பாடு சமைப்பதும் குழுப் பெண்கள்தான்.

ஆனியில் அவர்கள் திரும்பி வரும்போது என் கடைக்கு வந்து விரலை வைப்பார்கள். மிஷின் எடுக்காது. ஆறு மாதம் மண்ணிலும் மணலிலும் அடித்து அடித்து விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும், கோடே இருக்காது. ஈரத் துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பேன். ஒரு அக்காவுக்கு இடது கைச் சுண்டுவிரல் மட்டும்தான் எடுக்கும். அது அவளுக்கே தெரியும், வந்ததும் அதைத்தான் நீட்டுவாள். ரேஷன் கடையிலும் இதே பாடுதான், அங்கே பின்னால் முப்பது பேர் நிற்பார்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டில், பேர் எழுதாமல் வீட்டுக்கு ஒரு எண் மட்டும் போட்டு, எந்த வாரம் ஏரி வேலை நடந்தது, என்றைக்குக் கூலி ஏறியது, எந்த வாரம் முன்பணம் வாங்கினார்கள் என்று மூன்று வருடமாக எழுதி வைத்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டுத்தான் எழுதினேன், எழுதிக்கோ என்றுதான் சொன்னார்கள். எந்த ஒன்றிய அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் கொண்டு வந்து காட்டுகிறேன். அறுபது நாளுக்கான அறிவிப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்களில் ஒருவர், புரட்டாசியில் ஒரு சாயங்காலம், எங்கள் தெருவுக்கு வாருங்கள். ஆறு மணிக்கு மேல் வந்தால் மேஸ்திரியையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
செங்கம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி